காலி எடை எழுதாத சீட்டு

பொன்னுச்சாமி மாப்பிள்ளை போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழரை மணிக்குத் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து என் செல்போனுக்கு வந்தது. உடனே பதினோரு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பதினோரு பேரும் நம்பவில்லை.

“காலங்காத்தால வெளையாடாதீக மாமா” என்றார் சின்னமனூர் வாழைக்காய்க் கமிஷன் கடைக்காரர். “போன மாசம் மேகமலையில யானை லாரி ஓட்டிட்டுப் போச்சுன்னு சொன்னீக. அதுக்கு முந்தி ஒங்க தோட்டத்துல திராட்சை ஒண்ணு தேங்கா தண்டி காய்ச்சிருக்குன்னீக. ஒரு மனுசன் சாவுலயாவது சும்மா இருக்கக் கூடாதா?”

நான் அழுதேன். அவர் அதையும் நம்பவில்லை. “நல்லா நடிக்கிறீக” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் அந்தப் பதினோரு பேரில் இருப்பீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் எதையும் உள்ள அளவில் சொல்லாத ஒரே ஆள் நான். ஆனால் இன்றைக்கு, கூட்டிச் சொல்கிற இடத்திலெல்லாம் நானே கழித்தும் காட்டிவிடுகிறேன். கழிப்பதுதான் மாப்பிள்ளையின் தொழில்.

சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் போகிற சாலையில் இருக்கும் எடைமேடையை அறியாதவர் உங்களில் இல்லை. அது அகில உலக எடைமேடைகளுக்கெல்லாம் தலைமைப் பீடம். (கழித்தால்: ஓர் இரும்புத் தளம், எட்டுக்கு எட்டு அறை, ஒரு வேப்பமரம்.) அந்தப் பீடத்தில் பன்னிரண்டு வருஷம் வீற்றிருந்தவர் மாப்பிள்ளை. வெறும் லாரியாக ஏறினால் காலி எடை. சரக்கோடு ஏறினால் மொத்த எடை. இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு. மூன்றும் ஒரே சீட்டில் விழும். ஒரு கிலோ கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்கள், மிரட்டியவர்கள், பலாப்பழம் கொண்டுவந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பலாப்பழத்தையும் மேடையில் வைத்து, “பத்து கிலோவுக்குக் கீழ இருக்கு போல, மேடைக்குக் கண்ணு தெரியல, எடுத்துட்டுப் போங்க” என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

அது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. “பத்து கிலோவுக்குக் கீழ இந்த மேடைக்குக் கண்ணு தெரியாது மாமா. ஒரு கோழி, ஒரு கைப்புள்ள, ஒரு சாக்கு கருவேப்பிலை, எல்லாம் அதுக்கு இல்லாத பொருளு.”

ஒருமுறை, என்னை எடை போட்டுப் பாரும் என்று மேடையில் ஏறி நின்றேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “பேச்ச எறக்கி வச்சிட்டு ஏறுங்க மாமா. அப்பத்தான் ஒங்க காலி எடை தெரியும்.” லோடு டிரைவர்கள் சிரித்த சிரிப்பு கம்பம் வரைக்கும் கேட்டது. (கழித்தால்: பக்கத்து டீக்கடை வரைக்கும்.)

அவர் என் அண்ணன் மகள் பாண்டியம்மாளின் கணவர். கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான். பெண் வீட்டில் உட்கார்ந்து, மாப்பிள்ளை மத்திய சர்க்கார் எடை அதிகாரி, அவர் கை காட்டாமல் ஒரு வெண்டைக்காய் மலையேறிக் கேரளத்துக்குப் போக முடியாது என்று அளந்தேன். கல்யாணமாகி நாலாம் நாள் பாண்டியம்மாள் சோறு எடுத்துக்கொண்டு போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். “சித்தப்பா, ஒங்க அதிகாரிக்கு ஒரு மேசை விசிறிகூட இல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபத்தில் வந்தவள் சிரித்ததும், பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போனேன். ராட்டினத்தில் ஏறினார்கள். உச்சிக்குப் போய்க் கீழே இறங்குகிற நொடியில் பாண்டியம்மாள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, எனக்கு ஒடம்பே இல்லாத மாதிரி இருக்கு” என்று கத்தினாளாம். கீழே வந்ததும் மாப்பிள்ளை என்னிடம் அதைத்தான் சொன்னார். மூன்று முறை சொன்னார். முகம் மேடையில் புதுசாக ஏறிய லாரியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் நாவல் எழுதுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. உங்களில் யாருக்கும் தெரியாது. மெஷினில் கோணலாக அச்சாகிக் கெட்டுப்போகிற எடைச் சீட்டுகளின் முதுகில், ஒரு சீட்டுக்குப் பத்து வரி வீதம், குண்டுமணி எழுத்தில் எழுதினார். லாரி இல்லாத நேரமெல்லாம் அவர் வேறு உலகத்தில் இருந்தார். நிஜமாகவே வேறு உலகம். அதற்கு அந்தரை என்று பெயர்.

அந்தரைக்கு இரண்டு நிலா. அங்கே காதலிக்கிறவர்களின் எடை குறையும். பதிலுக்குக் காதல் கிடைத்தால் இன்னும் குறையும். குறைந்து குறைந்து ஒரு நாள் கால் தரையை விட்டுப்போய், ஆளே வானத்தில் தொலைந்துபோவார்கள். அதனால் அந்த உலகத்து அரசு, இரண்டு நிலாவும் சேர்ந்து நிறைகிற நாளில் எல்லோரையும் மேடையேற்றி எடை போடும். குறைந்தவர் இடுப்பில் கல் கட்டி, தூர தேசத்துக்கு அனுப்பிவிடும். எடை போடுகிற அதிகாரியின் பெயர் பாரன். மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிற பெண்ணின் பெயர் இறகி. அவள் யாரையோ காதலிக்கிறாள் என்று பாரனுக்குத் தெரிகிறது. யாரை என்று தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு வீசைகூடப் பொய் எழுதாத பாரன், அவளைக் காப்பாற்ற ஏட்டில் கூட்டி எழுதுகிறான். அவள் காதலிப்பது அவனைத்தான்.

நான் கேட்டேன்: “மாப்ளே, அங்கன திராட்சை உண்டா?”

“இல்லாமயா? ஆனா பந்தலுக்குக் கீழ தொங்காது மாமா. மேல மெதக்கும். சணல் கட்டி இழுத்துத்தான் பறிக்கணும்.”

“முடிவு என்ன?”

“அவ போயிருவா. அவன் கனத்துக்கிட்டே இருப்பான். பிரிஞ்சவுக கனத்துப் போயி மண்ணுக்குள்ள எறங்குறது அந்த ஊரு வழக்கம்.”

“ஏய்யா, சேத்து வச்சாத்தான் என்ன?”

“நா சேத்து வச்சா மேடை ஒத்துக்கிடாதே மாமா.”

நாலாயிரம் சீட்டு எழுதினார். (கழித்தால்: ஆயிரத்துச் சொச்சம்.) கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. எல்லாவற்றையும் சணலால் கட்டி, ஒரு திராட்சைப் பெட்டியில் போட்டு வீட்டில் வைத்திருந்தார். பாண்டியம்மாளிடம் சொல்லவில்லை. முழுதாக முடித்துவிட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் எட்டாவது படித்தவள், நிதானமாக வாசிப்பாள் என்பார். அவர் ஆசைப்பட்டது அந்த ஒரே ஒரு வாசகரை மட்டுமே.

ஒரு மத்தியானம் அறைக்குள் உட்கார்ந்து எனக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார். “இறகி, போன மாதத்தைவிட நீ இரண்டு வீசை குறைந்திருக்கிறாய். உன்னை நான் எந்தக் கல்லால் ஈடு செய்வேன்?” வாசலில் தூக்குவாளியோடு பாண்டியம்மாள் நின்றிருந்தாள். ஒரு லாரி வந்து ஹாரன் அடிக்கவே மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“யாரு சித்தப்பா இந்த எறகி?”

ஒரு வரி போதும். கதையில் வருகிற பொம்பளை ஆத்தா, அது நீதான், ராட்டினத்தில் நீ சொன்னதுதான் விதை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் உண்மையை உள்ளபடி சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை.

“ஒனக்குத் தெரியாதா? குமுளிக்காரி. ஏலக்காய் எஸ்டேட்டே அவளுதுதான். முட்டி தொடுற முடி. மாப்பிள்ளைக்காக மலையிலருந்து எறங்கி வருவா” என்றேன். அவள் சிரிப்பாள், நானும் சிரித்து உடைத்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவள் தூக்குவாளியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். விளையாட்டுக்குத்தானே சொன்னோம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் டீ குடிக்கப் போனேன்.

சாயங்காலம் வீட்டில் அவளும் இல்லை, பெட்டியும் இல்லை. ஓடைப்பட்டியில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். திராட்சை பேக்கிங் வேலைக்கும் சேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளை இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். அவள் வெளியே வரவில்லை. நான் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பெட்டிய எடுத்துட்டுத்தான போயிருக்கா? வாசிச்சா அவளுக்கே புரியும். நீங்க ஓடைப்பட்டிக்குப் போறப்ப கதையில எந்த எடத்துல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா.”

என் தோட்டம் ஓடைப்பட்டியில். மாதம் நாலு முறை போகிறவன். போனேன். அவள் சோறு போட்டாள், மழை பெய்ததா என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோது, “அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் சித்தப்பா” என்றாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மேடையில் மாப்பிள்ளை காத்திருந்தார். “எந்த எடத்துல இருக்கா?”

என்ன சொல்வேன்? “ரெண்டு நிலாவும் ஒண்ணா வருதுல்ல, அங்கன” என்றேன்.

“சிரிச்சாளா?”

“சிரிச்சா.”

இப்படி ஆரம்பித்தது ஐந்து வருஷம் நடந்தது. ஒவ்வொரு முறையும் அவளைச் சில அத்தியாயம் முன்னே நகர்த்தினேன். இறகி இடுப்புக் கல்லை அவிழ்க்கிற இடம் வந்தபோது, “அழுதாளா?” என்று கேட்டார். “குடம் குடமா” என்றேன். அன்றைக்கு அவர் மூன்று லாரிக்கு விசிலடித்துக்கொண்டே எடை போட்டார். ஒரு மனிதரை இவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்படுத்த முடியும் என்றால் நிறுத்த யாருக்கு மனசு வரும்? அவருக்குச் சர்க்கரை முற்றிக் கால் வீங்கியபோதும் அவளைப் பற்றித்தான் கேட்டார். கனத்துப்போக வேண்டியவர் என்று கதையில் எழுதினார். நிஜத்தில் இளைத்துக்கொண்டே போனார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், “முடிச்சிட்டாளா?” என்றார்.

“இருக்கிறது அம்புட்டையும் முடிச்சிட்டா மாப்ளே.”

“கடைசி அத்தியாயம் இல்லைன்னு சொன்னாளா?”

என் பாழும் நாக்கு அங்கேயும் சும்மா இருக்கவில்லை. “அத அவுகளே வாயால சொல்லட்டும், நா நேர்ல வாரேன்னு சொன்னா.”

அவர் பக்கத்துக் கட்டில்காரரின் மகனிடம் சொல்லி நாவிதரை வரவழைத்து முகம் மழித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். என் வாழ்நாளில் நான் முதன்முறையாகப் பயந்தது அப்போதுதான்.

ஓடைப்பட்டிக்கு ஓடினேன். பேக்கிங் கொட்டகையில் கத்திரியோடு உட்கார்ந்து அழுகல் பழத்தை நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். “ஆத்தா, மாப்பிள்ளை சாகக் கெடக்காரு. வந்துரு” என்றேன். அவள் நிமிரவில்லை.

“ரெண்டு வருசத்துக்கு முந்தியும் இதத்தான் சொன்னீக. பதறி ஓடியாந்தேன். மேடை வாசல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக. சேத்து வைக்கத்தான் சொன்னேன்னீக.”

அது நிஜம். அன்றும் சேர்த்துவைக்கத்தான் சொன்னேன். அவரைப் பார்த்த வேகத்தில் அவள் திரும்பிப் போய்விட்டாள். அவள் வந்து போனதே அவருக்குத் தெரியாது.

“இந்தத் தடவ நெசம் ஆத்தா.”

“எல்லாத் தடவையும் இதத்தான் சொல்லுவீக.”

மாப்பிள்ளை இரண்டு பகல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் எனக்கு அந்தப் போன் வந்தது. அவளுக்கு நான் சொல்லவில்லை. அவள் தம்பியை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, பார்க்க வைத்து, அவனைச் சொல்லச் சொன்னேன். வந்தாள்.

வேனில் உடலை ஏற்றிக்கொண்டு வந்தோம். எடைமேடை முதலாளி சாலையில் நின்று கை காட்டினார். “பன்னெண்டு வருசம் இருந்த எடம். ஒரு நிமிசம் நம்ம மேடையில நிக்கட்டும்” என்றார். வேன் மேடையில் ஏறி நின்றது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அறைக்குள் மாப்பிள்ளையின் நாற்காலியில் இருந்த புது ஆள், வண்டி ஏறியதும் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார். கரகரவென்று சீட்டு வந்தது. அவர் பதறிப்போய் என் கையில் கொடுத்தார். மொத்த எடை 2,310. மற்ற இரண்டு கட்டமும் காலி.

வேனுக்குள்ளிருந்து பாண்டியம்மாள் கேட்டாள். “அது என்ன சத்தம் சித்தப்பா?”

“சீட்டு ஆத்தா.”

“எவ்வளவு இருக்காக?”

நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. “காலி எடை எடுக்கலையே. சொல்ல முடியாது” என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தங்கள் கலைந்த பிறகு, அவள் எதிரில் உட்கார்ந்து, குமுளிக்காரி என்று ஒருத்தி கிடையாது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவள் இலைகளைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

“அது அன்னிக்கே தெரியும். பெட்டியத் தெறந்து நாலு சீட்டு வாசிச்சேன். ரெண்டு நிலா, மெதக்குற மரம். இல்லாத ஊரு, இல்லாத பொம்பள. குமுளிக்காரியா இருந்தா பஸ் ஏறிப் போயி மயித்தப் புடிச்சு இழுத்திருப்பேன். இல்லாதவகிட்ட நா என்னத்த மல்லுக்கட்ட? எங்கிட்ட ஒரு நாளுகூட அவுக அப்பிடிப் பேசுனதில்ல சித்தப்பா.”

“பெட்டி எங்க ஆத்தா?”

“பெட்டியா? பேக்கிங்ல கொத்துக்கும் கொத்துக்கும் நடுவுல காகிதம் சொருகணும்ல. அந்த வாரமே சொருகி அனுப்பிட்டேன். அம்புட்டும் கேரளாவுக்குப் போயிருச்சு.”

ஓடைப்பட்டி லாரி மலையேற வேண்டுமென்றால் நம் மேடையில் ஏறித்தான் போக வேண்டும். அவர்தான் எடை போட்டிருப்பார். ஆயிரத்துச் சொச்சம் சீட்டு இரண்டு கிலோ தேறாது. மேடைக்குக் கண்ணு தெரிந்திருக்காது. அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்த கதை, அவர் கண்ணெதிரே, அவர் கையாலேயே எடை போடப்பட்டு, அதற்கு முன்பே மலையேறிப் போய்விட்டது.

“அது நீதான் ஆத்தா” என்றேன். “இறகிங்கிறது நீதான். வீரபாண்டியில ராட்டினத்து உச்சியில ஒடம்பே இல்லாத மாதிரி இருக்குன்னு நீ கத்துனேல்ல? அதுலருந்துதான் அம்புட்டும் எழுதுனாரு. நீ வாசிக்கணும்னுதான் எழுதுனாரு. வேற யாருக்கும் இல்ல.”

அவள் கை ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன யானைகள், தேங்காய்த் திராட்சைகள், மத்திய சர்க்கார் அதிகாரிகள் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து வரிசையாக நின்றன.

“இன்னிக்காவது வெளையாடாம இருங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு இலைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் நம்பினால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். உங்களில் யார் சொன்னாலும் அவள் நம்புவாள். ஆனால் சாட்சி கேட்பாள். சாட்சி எல்லாம் திராட்சையோடு போய்விட்டது.

அவருடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். வேனைத் தேடிப்பிடித்துக் காலி எடை எடுக்கலாமே என்று முதலாளி சொன்னார். அன்றைக்கு அதில் டிரைவர் இருந்தார், அவள் இருந்தாள், அவள் தம்பி இருந்தான், ஐஸ் பெட்டி இருந்தது, மாலைகள் இருந்தன. எதை எதைக் கழிப்பது?

சீட்டைத் திருப்பினால் முதுகு வெள்ளையாக இருக்கிறது. அந்த அறையில் என் கைக்கு வந்த சீட்டில் முதுகில் எதுவும் எழுதாத ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் எழுதாமல் விட்ட கடைசி அத்தியாயத்தில் இரண்டு வரியாவது எழுதி வைக்கலாம் என்று ஒரு நாள் பேனாவைத் திறந்தேன். எழுதினால் கட்டாயம் கூட்டித்தான் எழுதுவேன், இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிடுவேன். பேனாவை மூடிவிட்டேன். சீட்டு அப்படியே சட்டைப் பையில் இருக்கிறது.